பாதத்தை அளந்தவர்கள்

தமிழில் ‘அடி’ என்னும் சொல் பாதத்தைக் குறிக்கும்; செய்யுளின் வரியைக் குறிக்கும்; அளவையும் குறிக்கும். இறைவனது திருவடியைப் பாடாத பக்திப் பனுவலைக் காண்பது அரிது. மூவுலகையும் அளந்த பாதம் ஒன்றினை எமது புலவர்கள் நூற்றாண்டுக் கணக்காகப் பாடி வந்துள்ளனர். இராமனின் பாதுகைகள் அரியணையேறிப் பதினான்கு ஆண்டுகள் நாடாண்ட கதையைச் சிறு பிள்ளைகளும் அறிவர். ஆயின், அப்பாதுகைகளைச் செய்த கைகள் எவருடையவை என்று கேட்டோர் மிகச் சிலரே. பாதத்தைப் போற்றிய அதே சமுதாயம், பாதணி செய்பவனைத் தீண்டத்தகாதவன் என்று கூறி ஊருக்குப் புறம்பே நிறுத்தியது. உலகை அளந்த பாதத்துக்கு இலக்கியத்தில் இடமுண்டு. பாதத்தை அளந்த கைகளுக்கு அவ்விடம் கிடைக்கவில்லை.

இக்கட்டுரை அத்தகைய கைகள் சிலவற்றைப் பற்றியது. நான் பேசப் புகும் பாதணி தோலினால் ஆனதன்று, எமது நாட்டினதுமன்று. துருக்கி நாட்டுப் பெண்கள் கம்பளி நூலினாற் பின்னி, வீட்டினுள்ளே அணிவதற்கென ஆக்கும் பாதணி அது. அதனை அவர்கள் ‘பாத்திக்’ என்பர். எமது ‘பாதம்’ என்னும் சொல்லோடு அது கொண்டுள்ள ஒலியொற்றுமையைக் கண்டு வேர்ச்சொல் ஆராய முற்படுவது என் நோக்கமன்று. கடந்த சில ஆண்டுகளாக நானும் அதனைப் பின்னி வருகின்றேன். கலைப்பீட மாணவி ஒருத்தி, பரீட்சைக் காலத்திலும் விடுதி அறையில் ஐந்து ஊசிகளோடு அமர்ந்திருப்பது ஏன் என்று நண்பர்கள் பலமுறை கேட்டுள்ளனர். அவர்களுக்குச் சில வார்த்தைகளிற் சொல்ல முடியாததை இங்கே சற்று விரித்துரைக்க விழைகின்றேன்.

துருக்கியின் ஆசியப் பகுதியாகிய அனத்தோலியாவின் நடுவே உயர்ந்த மேட்டுநிலம் ஒன்று பரந்து கிடக்கின்றது. அங்குள்ள சிவாஸ் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,280 மீற்றர் உயரத்தில் உள்ளது. மாரிகாலத்தில் அங்கு பனி மூடும்; நீர் உறையும். வீட்டு வாசலிற் பாதணியைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும் என்பது எமக்கிருப்பது போன்றே அம்மக்களுக்கும் மாறாத வழக்கமாகும். வெப்ப நாட்டினராகிய நாம் கழற்றிய பின்னர் வெறுங்காலோடு நடமாடுகின்றோம். குளிர்நாட்டில் அது இயலாது. தெருவின் அழுக்கு உள்ளே வரலாகாது. தரையின் குளிர் காலைத் தீண்டலாகாது. இவ்விரு தேவைகளுக்கும் இடையிலே பிறந்ததுதான் பின்னற் பாதணி. கணுக்காலுக்கு மேலே ஏறும் காலுறையை அவர்கள் ‘சொராப்’ என்பர். கணுக்காலுக்குக் கீழே முடிந்துவிடுவது பாத்திக். மணமகள் தன்னோடு கொண்டு செல்லும் சீதனப் பெட்டியில் இவை சோடி சோடியாக இருக்கும். மணமகன் வீட்டாருக்குப் பரிசாகவும் வழங்கப்படும்.

கெனான் ஓஸ்பெல் என்னும் துருக்கிய அறிஞர் கிராமத்துக் காலுறைகளைத் தேடித் தொகுத்தார். அவை பற்றிய அவரது நூல் 1976இல் வெளிவந்தது. 1981இல் பெற்சி ஹரல் என்பவர் இஸ்தான்புல்லிலிருந்து மற்றொரு நூலை வெளியிட்டார். சிவாஸ் பகுதிப் பின்னல் வடிவங்களை அவர் சிவாஸிற் சென்று சேகரிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பிழைப்புத் தேடி இஸ்தான்புல்லுக்கு வந்து, நகரின் ஓரத்திற் குடிசையமைத்து வாழ்ந்த பெண்களிடமிருந்தே அவற்றைச் சேகரித்தார். அத்தகைய குடியிருப்புகளைத் துருக்கியர் ‘கெஜெகொண்டு’ என்பர். ‘இரவோடிரவாக எழுந்தது’ என்பது அதன் பொருள். நிலத்தையும் மந்தையையும் விட்டுவந்த பெண்கள் கைப்பழக்கத்தை மட்டும் விட்டுவரவில்லை. இடம்பெயர்ந்தோரின் மூட்டையில் எடையற்ற பொருள் அது ஒன்றே.

அந்த மூட்டை இஸ்தான்புல்லோடு நின்றுவிடவில்லை. 1961 ஒக்ரோபர் 30ஆம் நாள் மேற்கு ஜேர்மனியும் துருக்கியும் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தத்தின் வழியாக அனத்தோலியக் கிராமத்து ஆண்கள் பலர் ரூர் பிரதேசத்து நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் சென்றனர். 1973இல் அவ்வாட்சேர்ப்பு நிறுத்தப்பட்ட பின்னரும் அவர்களுடைய மனைவியரும் பிள்ளைகளும் சென்று சேர்ந்தனர். 1983இன் பின்னர் அதே நகரங்களுக்கு எம்மவரும் அகதிகளாகச் சென்றனர். என் பெரியம்மாவும் அவர்களுள் ஒருவர். 1986ஆம் ஆண்டின் மாரிகாலத்தில் அவர் குடியேறிய மாடிக் கட்டடத்தில், ஒரு தளம் கீழே, சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மனைவியாகிய சிவாஸ் பெண்மணி ஒருவர் வாழ்ந்து வந்தார்.

பெரியம்மா அவரை ‘தெய்சே’ என்றே அழைத்தார். அது அப்பெண்மணியின் பெயரென்று அவர் பல காலம் எண்ணியிருந்தாராம். உண்மையில் துருக்கி மொழியில் அச்சொல் தாயின் சகோதரியைக் குறிக்கும். தந்தையின் சகோதரிக்கு ‘ஹலா’ என வேறு சொல் உண்டு. தாய்வழிக்கும் தந்தைவழிக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் எமக்கு இது வியப்பளிப்பதன்று. முன்பின் அறியாத மூத்த பெண்ணையும் அங்கே தெய்சே என்றே அழைப்பர். ஆக, அறியாமலே பெரியம்மா அவரை முறை சொல்லித்தான் அழைத்திருக்கின்றார்.

அவர்களது முதற் சந்திப்பைப் பெரியம்மா எனக்குப் பலமுறை கூறியுள்ளார். மாடிப்படியிலே பெரியம்மா வெறுங்காலோடு நிற்கக் கண்ட தெய்சே, ஒன்றும் பேசாது அவரைத் தம் வீட்டினுள் அழைத்துச் சென்று இருத்தி, அவரது காலை எடுத்துத் தம் மடியில் வைத்துக் கையாற் சாண் போட்டு அளந்தாராம். வயதில் மூத்த ஒருவர் தன் காலைத் தொடுவதைக் கண்டு பெரியம்மா பதறிப்போனார். ஒரு வாரத்தின் பின் சிவப்பும் வெள்ளையுமான சோடி ஒன்று வாசலுக்கு வந்தது. அதன் பின்னர் மாலைதோறும் பின்னல் கற்பித்தலும் கற்றலும் நடந்தன. இருவருக்கும் பொதுவாயிருந்தவை சில ஜேர்மன் சொற்களே. ஒருவர் தமிழில் எண்ணினார். மற்றவர் துருக்கி மொழியில் எண்ணினார். கண்ணிகளின் தொகை இருவருக்கும் ஒன்றாகவே வந்தது.

தெய்சே 2017இல் காலமானார். அவரது உடல் சிவாஸிலுள்ள சொந்தக் கிராமத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. அவருடைய பேரப்பிள்ளைகள் எவரும் பின்னுவதில்லை என்று பெரியம்மா கூறுவார். 2022இல் அவர் யாழ்ப்பாணம் வந்து இரண்டு மாதம் தங்கியபோது தமது பயணப் பெட்டியில் ஊசிகளையும் நூலுருண்டைகளையும் கொண்டுவந்தார். வெயிலிலே கம்பளி நூலைக் கண்டு சிரித்தோர் பலர். நான் அருகில் அமர்ந்து கற்றுக்கொண்டேன்.

பின்னலின் முறையைச் சிறிது விளக்குவது அவசியமாகும். இரண்டு ஊசிகளை இணையாகப் பிடித்து, நூலை அவற்றின் மீது எட்டு முறை சுற்றிக்கொள்ள வேண்டும். மேலூசியில் எட்டு, கீழூசியில் எட்டு என 16 கண்ணிகள் கிடைக்கும். இதுவே பெருவிரல் நுனி. துருக்கியத் தொடக்கம் என்று பின்னல் அறிந்தோர் இதனைக் குறிப்பிடுவர். இத்தொடக்கத்திலே தையலுமில்லை, முடிச்சுமில்லை; எங்கே தொடங்கியது என்று பின்னர் கண்டுபிடிக்கவும் இயலாது. அதன்பின் ஒன்றுவிட்ட சுற்றுத்தோறும் இரு பக்கங்களிலுமாக நான்கு கண்ணிகளைக் கூட்டிச் சென்றால், எட்டாவது கூட்டலில் 48 கண்ணிகளாகும். நான்கு ஊசிகள் கண்ணிகளைத் தாங்க, ஐந்தாவது ஊசி பின்னிச் செல்லும். நூலைக் கழுத்தைச் சுற்றிவரவிட்டு அதன் இழுவையைச் சமப்படுத்துவர். போர்த்துக்கல் நாட்டிலும் இவ்வழக்கம் உண்டு. காலுறைக்கு நாம் வழங்கும் ‘மேசு’ என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் எமக்குத் தந்தனர். இப்பின்னல் முறையைத் தரவில்லை. எகிப்திற் கிடைத்த நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள், பின்னல் வேலையின் மிகப் பழைய சான்றுகளுள் அடங்குவன. அவையும் விரல் நுனியிலிருந்தே தொடங்கிப் பின்னப்பட்டவை. இம்முறையின் தொன்மை இதனாற் புலப்படும்.

இம்முறையில் என்னைப் பெரிதும் கவர்ந்தது குதிக்கால் அமைப்பு. குதிக்கால் வரவேண்டிய இடத்தில், பாதிக் கண்ணிகளை வேறொரு நூலாற் பின்னிவிட்டு, அவ்விடத்தைக் கடந்து மேலே சென்றுவிடுவர். எல்லாம் முடிந்த பின்னர் அந்த வேற்று நூலை உருவிவிட்டால் அங்கே ஒரு வாய் திறக்கும். அதன் மேலும் கீழும் நிற்கும் கண்ணிகளை ஊசிகளில் ஏற்றி, விரல் நுனியைக் கூட்டி வந்ததற்கு மாறாகக் குறைத்துச் சென்று மூடுவர். பாதணியிலே முதலில் தேய்வது குதிக்கால் என்பது எவரும் அறிந்ததே. தேய்ந்தபோது அப்பகுதியை மட்டும் பிரித்தெடுத்துப் புதிதாகப் பின்னிவிடலாம். ஏனைய பகுதி கெடாது. ஆக்கும்போதே தேய்வை எதிர்பார்த்து இடம் ஒதுக்கும் இந்த அறிவு, நாளெல்லாம் நின்றும் நடந்தும் உழைத்த பெண்களின் அறிவாகும்.

நான் முதலிற் பின்ன எடுத்தது என் அம்மம்மாவுக்கு. அவர் நீண்டகால நீரிழிவு நோயாளி. பாதங்களில் உணர்வு பெரிதும் குன்றிவிட்டது. வீட்டினுள்ளும் வெறுங்காலோடு நடக்கலாகாது என்பது மருத்துவர் கூறிய கண்டிப்பான அறிவுரை. ஆயின், சுவாமியறை இருக்கும் வீட்டினுள் செருப்போடு நடப்பதற்கு அவர் எவ்வாற்றானும் இணங்கவில்லை. இறப்பர்ச் செருப்புகள் இரண்டு சோடி வாசலிலேயே கிடந்து பழுதாயின. அவரது நம்பிக்கையை இகழ்வது எளிது. அதனால் அவரது பாதம் காக்கப்படப் போவதில்லை. அனத்தோலியப் பெண்கள் தெருவுக்கும் தரைக்கும் இடையே கண்ட தீர்வு, எங்கள் வீட்டுச் சிக்கலுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது.

“காலை அளக்காமல் ஊசியைத் தொடாதே” என்பது தெய்சேயின் விதி. நான் திண்ணையில் அமர்ந்து அம்மம்மாவின் பாதத்தை மடியில் வைத்து நூலால் அளந்தேன். “என்ரை காலுக்கு இப்ப உது ஏன் பிள்ளை?” என்று அவர் கூச்சத்தோடு காலை இழுத்துக்கொண்டார். நீளம் 23 சென்ரிமீற்றர், சுற்றளவு 20. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவரோடு வாழ்ந்தும் அன்றுதான் அப்பாதங்களை முழுமையாகப் பார்த்தேன். சிறுவிரல் உள்ளே மடிந்திருந்தது. இடது குதியில் நீண்ட தழும்பொன்று. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது ஏற்பட்ட வெட்டு அது என்றார். செருப்பு சனநெரிசலில் அறுந்துவிட்டதாம். ஜேர்மனியும் துருக்கியும் ஒப்பந்தம் செய்ததும் இதே மாதத்து இதே நாளில் என்பது வெறும் தற்செயல். ஆயினும், அந்நாளை நினைக்குந்தோறும் வீட்டை விட்டு நடந்த பாதங்கள் பல என் கண்முன் வருவதைத் தவிர்க்க முடிவதில்லை.

உணர்வற்ற பாதத்துக்குப் பின்னுவது வேறு விதமான கவனத்தை வேண்டி நின்றது. இருநிறப் பின்னலில், ஒரு நிறம் மேலே தெரியும்போது மற்றைய நூல் உட்புறமாகப் பாலம்போல் ஓடும். இதனாலேயே துணி இரட்டையாகிக் கதகதப்பும் தடிப்பும் பெறுகின்றது. ஆயின், பாலம் நீண்டால் விரல் அதிற் சிக்கும். உணர்வுள்ள விரல் விலகிக்கொள்ளும். அம்மம்மாவின் விரல் விலகாது. ஆதலால் மூன்று கண்ணிக்கு மேல் எந்நூலும் தனித்தோடாத வடிவம் ஒன்றையே தெரிந்தேன். உள்ளங்காலுக்கு வெள்ளை நிறத்தை வைத்தேன். காயம் பட்டாற் கறை தெரிய வேண்டும் என்பதே காரணம். சீமெந்துத் தரையிற் கம்பளி வழுக்குமாதலால் பழைய சைக்கிள் ரியூப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி அடியிலே தைத்தேன். “தோல் இல்லைத்தானே?” என்று மட்டும் அவர் கேட்டார். இல்லை என்றதும் போட்டுக்கொண்டார்.

ஐந்து மாதங்களின் பின் ஒருநாள், துவைக்க எடுத்த அம்மா வலது பாதணியின் வெள்ளைப் பகுதியில் மிளகளவு சிவப்புக் கறையைக் கண்டார். பெருவிரலின் அடியிலே, கிணற்றடியில் ஏறிய முள்ளொன்று உடைந்து தங்கியிருந்தது. அம்மம்மாவுக்கு வலியே இல்லை. உடனே சிகிச்சை கிடைத்ததால் மூன்று கிழமைகளிற் புண் ஆறியது. அவ்வூரிலேயே இத்தகைய சிறு புண்களினாற் கால் இழந்தோரை நான் அறிவேன். செய்தியைத் தொலைபேசியில் அம்மா சொன்னபோது விரிவுரை மண்டபத்தின் வெளியே நின்றிருந்தேன். மேற்கொண்டு நிற்க இயலாது படியில் அமர்ந்துவிட்டேன்.

பின்னல் உருவங்களின் பொருள் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அனத்தோலியக் கம்பளங்களிலும் காலுறைகளிலும் ஆட்டுக்கடாவின் கொம்பு, கொக்கி, கண், ஓநாயின் தடம், இடுப்பிற் கைவைத்த பெண் முதலிய உருவங்கள் காணப்படுகின்றன. கொம்பு வலிமை, கண் கண்ணூறு கழித்தல், தோடு திருமண விருப்பம் என்றெல்லாம் அவற்றுக்கு விளக்கம் கூறுவர். நான் தெரிந்த வடிவத்தைத் தெய்சே ‘கூப்பே’ என்றதாகப் பெரியம்மா நினைவுகூர்ந்தார். ‘தோடு’ என்று பொருள். எண்பது கடந்த கைம்பெண்ணின் காலிலே திருமண விருப்பத்தைப் பின்னியிருக்கின்றேன் என்று சொன்னால் அம்மம்மா வாய்விட்டுச் சிரிப்பார். ஒரே உருவம் ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயர் பெறுவதும் உண்டு. அம்மம்மா அதனை வேறு கண்ணோடு பார்த்தார். இளமையிற் பனையோலைப் பெட்டி இழைத்தவர் அவர். “உது பெட்டிப் பின்னல்தானே! எண்ணித்தான் நிறம் மாத்துறது. ஓலையிலை பிழைச்சால் கழட்டேலாது பிள்ளை, உதிலை கழட்டலாம்” என்றார். ஓலையையும் நூலையும் ஒருங்கே அறிந்த கையே இப்படிச் சொல்ல முடியும். அகராதி தரும் பொருளைக் காட்டிலும் அவ்வாக்கியம் எனக்குப் பெரிதாகப்பட்டது.

சிவப்பு நிறத்திலும் ஓர் உறவு மறைந்து கிடக்கின்றது. அனத்தோலியப் பெண்கள் முற்காலத்தில் மஞ்சிட்டி இனத்துச் செடியொன்றின் வேரிலிருந்து சிவப்புச் சாயத்தைப் பெற்றனர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் எமது முன்னோர் மணலிலே தோண்டியெடுத்த சாயவேரிலும் அதே அலிசரின் என்னும் சாயப்பொருள் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் அவ்வேர் அரசிறைக்குரிய பண்டமாயிருந்தது. 1868இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் இருவர் அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். வேர் தோண்டிய கைகள் இரு நாடுகளிலும் படிப்படியாக வேலையிழந்தன. நான் பின்னியதோ, பெரியம்மா ஜேர்மனியக் கடையொன்றில் வாங்கிய ஆலைச் சாய நூல். பழமையின் தூய்மை பற்றி இனிமையாகப் பேச விரும்புவோர் இதனையும் மனங்கொள்ள வேண்டும்.

அவ்வாறே, கைவினையைப் போற்றுவதாகக் கூறிக்கொண்டு அதன் பின்னாலுள்ள உழைப்பை மறப்பதும் தகாது. ஒரு பாதணியில் ஏறத்தாழ 3,000 கண்ணிகள் உள்ளன. சோடியொன்றை முடிக்க எனக்கு 25 மணித்தியாலங்கள் சென்றன. இந்நேரத்துக்கு நாட்கூலி கணக்கிட்டால் எச்சந்தையிலும் அவ்விலை கிடைக்காது. சீதனப் பெட்டியை நிரப்ப வேண்டும் என்பதற்காக விளக்கொளியிலே கண் நோகப் பின்னிய சிறுமியரின் உழைப்புக்கு எவரும் விலை பேசவில்லை. அது உழைப்பென்றே கருதப்படவுமில்லை. பாட்டியரின் கலை அழிகின்றதே என்று கவலைப்படுவோர், அப்பாட்டியருக்கு வேறு தெரிவு இருந்ததா என்பதையும் கேட்டல் வேண்டும். தெய்சேயின் பேத்திமார் பின்னாமல் விட்டதை நான் குறைகூற மாட்டேன்.

எனினும், ஆலை செய்ய இயலாத ஒன்று இதிலே உண்டு. ஆலை, பாதங்களை இலக்கங்களாக வகுத்து அவ்விலக்கங்களுக்குச் செய்கின்றது, அதனாலேயே கோடிக்கணக்கானோருக்குப் பாதணி கிடைக்கின்றது, அது நன்றே. மடிந்த சிறுவிரலையும், உணர்விழந்த தோலையும், சுவாமியறைக்கு அஞ்சும் மனத்தையும் ஒருங்கே அளந்து செய்வதற்கு ஒருவர் மற்றொருவரின் காலை மடியிலே தூக்கி வைத்தாக வேண்டும். சிவாஸின் பனியில் தோன்றி, சுரங்க நகரொன்றின் மாடிப்படியிலே கைமாறி, எமது சீமெந்துத் தரைக்கு வந்து சேர்ந்தது இந்த அளவையே என்று நான் கருதுகின்றேன். உருவத்தின் பெயர் மறந்துபோகலாம். நூலின் சாயம் மாறலாம். அளக்கும் பழக்கம் மாறாதவரை பாத்திக் அழிந்துவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை.

அம்மம்மாவின் சோடிக்கு இருமுறை குதிக்கால் மாற்றியாயிற்று. பழைய குதியைப் பிரித்தெடுக்கும்போது நூல் எங்கே மெலிந்துள்ளது என்று பார்த்து, அவர் எப்பக்கம் சாய்ந்து நடக்கின்றார் என்பதை இப்போது என்னாற் சொல்ல முடிகின்றது. இடப்பக்கமாகச் சாய்வது சென்ற ஆண்டிலும் சற்றுக் கூடியிருக்கின்றது. அடுத்த விடுமுறையில் அவரை மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.